ரசிகர் ஓட்டில் தேர்வாகும் கால்பந்து விருதுகள்: முதல் தடவை ஓட்டுப் போடுகிறவர்களுக்கு

ஒவ்வொரு வருடமும் ஃபிஃபா விருதுக்கான பட்டியல் வெளியானதும், புதிதாகக் கால்பந்து பார்க்க ஆரம்பித்த யாராவது ஒருவர் என்னிடம் வந்து கேட்பார்: "இதுல நாமளும் ஓட்டுப் போடலாமாண்ணா? நம்ம ஓட்டையெல்லாம் எண்ணுவாங்களா?"

போடலாம். எண்ணுகிறார்கள். 2023-ஆம் ஆண்டுக்கான விருதில் ரசிகர்கள் வேறு மாதிரி ஓட்டுப் போட்டிருந்தால், உலகின் சிறந்த வீரர் விருது வேறு ஒருவர் கைக்குப் போயிருக்கும். அந்தக் கணக்கைக் கீழே முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது, எதில் ஏமாறக் கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓட்டுச்சீட்டில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று படிக்காமல் ஓட்டுப் போடாதீர்கள். "உங்களுக்குப் பிடித்த வீரர் யார்?" என்பது ஒரு கேள்வி. "இந்த வருடம் நன்றாக ஆடியவர் யார்?" என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு மனசுக்குத் தோன்றியதைச் சொல்லலாம், தப்பே இல்லை. இரண்டாவதற்கு ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரசிகர் ஓட்டுக்குக் கெட்ட பெயர் வந்த இடங்களில் எல்லாம் இந்த இரண்டும் குழம்பித்தான் கிடந்திருக்கின்றன.

முதல் வேலை: யார் கையில் ஓட்டு என்று பாருங்கள்

கால்பந்து விருதுகள் பலவற்றைத் தொடங்கியவை பத்திரிகைகள்தான். வருடத்தின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருதை 1956-இல் 'பிரான்ஸ் ஃபுட்பால்' பத்திரிகை தொடங்கியது. முதலில் வாங்கியவர் இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ். இத்தாலியின் டூரின் நகரத்து நாளிதழ் 'டுட்டோஸ்போர்ட்' 2003 முதல் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'கோல்டன் பாய்' கொடுத்து வருகிறது. 2005-இல் அது மெஸ்ஸிக்குக் கிடைத்தது, 2024-இல் லமீன் யமாலுக்கு. உருகுவேயின் 'எல் பாயிஸ்' நாளிதழ் 1986 முதல் தென் அமெரிக்காவின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்கிறது. சீனாவின் 'டைட்டன் ஸ்போர்ட்ஸ்' 2013 முதல் ஆசியாவின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். மேலே சொன்ன நான்கையும் முடிவு செய்வது பத்திரிகையாளர்கள். ரசிகர்கள் இல்லை. பாலன் டி'ஓருக்கு ஆண்கள் பிரிவில் ஃபிஃபா தரவரிசையின் முதல் 100 நாடுகளிலிருந்து, நாட்டுக்கு ஒரு பத்திரிகையாளர் ஓட்டுப் போடுகிறார். 2025 நிலவரப்படி இந்தியா, இலங்கை, மலேசியா மூன்றும் அந்த நூறுக்குள் இல்லை. ஆகவே "பாலன் டி'ஓருக்கு ஓட்டுப் போட இங்கே அழுத்தவும்" என்று உங்களுக்கு ஒரு லிங்க் வந்தால், அது பொழுதுபோக்குக் கருத்துக்கணிப்பாக இருக்கலாம், இல்லையென்றால் மோசடியாக இருக்கலாம். நிஜ ஓட்டுப்பதிவாக இருக்க வழியே இல்லை.

ரசிகர்கள் நிஜமாகவே ஓட்டுப் போடும் இடங்கள் வேறு. டுட்டோஸ்போர்ட்டே 'கோல்டன் பாய் வெப்' என்று இணைய ஓட்டில் முடிவாகும் தனிப் பரிசு ஒன்றை வைத்திருக்கிறது. இங்கிலாந்து பிரீமியர் லீகின் மாத வீரர் விருதில் பொதுமக்கள் ஓட்டு, கேப்டன்கள் ஓட்டு, நிபுணர் குழுவின் ஓட்டு மூன்றையும் சேர்க்கிறார்கள். உலகின் சிறந்த வீரருக்கு ஃபிஃபா கொடுக்கும் 'தி பெஸ்ட்' விருதில் கால் பங்கு ரசிகர்களுடையது. அழகான கோலுக்கான புஷ்காஸ் விருது பல வருடங்கள் முழுக்க ரசிகர் கையில்தான் இருந்தது. சமீப வருடங்களில் பாதி ரசிகர்கள், மீதிப் பாதி முன்னாள் வீரர்கள் கொண்ட குழு.

வாசகர் ஓட்டின் வேர் எவ்வளவு பழையது என்று தெரிய வேண்டுமானால் போலந்துக்குப் போக வேண்டும். அங்கே 'ப்ஷெக்லோன்ட் ஸ்போர்டோவி' என்ற விளையாட்டுப் பத்திரிகை 1926-இலேயே தன் வாசகர்களிடம் நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர் யார் என்று கேட்டது. வென்றவர் வாட்ஸ்வாஃப் குஹார். லுவூஃப் நகரத்து போகோன் அணியின் கால்பந்து வீரர். (அந்த நகரம் இன்று உக்ரைனில் லிவீவ் என்ற பெயரில் இருக்கிறது.) கால்பந்தோடு நின்றுவிடாமல் தடகளம், ஸ்பீட் ஸ்கேட்டிங், ஐஸ் ஹாக்கி என்று எல்லாவற்றிலும் இறங்கி ஆடியவர் அவர். போர்க்காலத்தில் நின்றுபோன அந்த வாசகர் ஓட்டு திரும்பத் தொடங்கி, கூப்பன், எஸ்எம்எஸ், இணையம் என்று வடிவம் மாறி இன்று வரை நடக்கிறது.

அந்தப் பட்டியலைப் பார்த்தால் ரசிகர் ஓட்டு எப்படி வேலை செய்கிறது என்று புரியும். 1982-இல் கால்பந்து வீரர் போனியெக் வென்றார். ராபர்ட் லெவண்டோவ்ஸ்கி 2015, 2020, 2021 என்று மூன்று முறை வென்றார். ஆனால் 2019-க்கான ஓட்டில், உலகமே அறிந்த அதே லெவண்டோவ்ஸ்கி இரண்டாவதாகத்தான் வந்தார். முதலிடம் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் என்பவருக்கு. பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிளில் மண் பாதையில் சீறும் ஸ்பீட்வே பந்தயத்தில் அந்த வருடம் உலக சாம்பியன் ஆனவர். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. போலந்தில் ஸ்பீட்வே அரங்கங்கள் நிரம்பி வழியும். அந்த ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து ஓட்டுப் போட்டார்கள், அவர்கள் ஆள் ஜெயித்தார். வாசகர்கள் ஓட்டுப் போடும் விருதில் உலகப் புகழை விட உள்ளூர்ப் பாசம் கனமாக இருக்கும் என்பதை இதைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வாசகர்களிடம் கேட்டார்கள், வாசகர்கள் பதில் சொன்னார்கள்.

இரண்டாவது: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. விருதுக்கு ஒரு காலவரம்பு உண்டு. அதற்கு வெளியே ஆடிய ஆட்டம் கணக்கில் வராது.

2023-ஆம் ஆண்டின் தி பெஸ்ட் ஆண்கள் விருதுக்கு 2022 டிசம்பர் 19 முதல் 2023 ஆகஸ்ட் 20 வரை என்று வரம்பு வைத்தார்கள். கத்தார் உலகக்கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது டிசம்பர் 18. ஒரே ஒரு நாள் வித்தியாசம். ஆக, மெஸ்ஸி கோப்பையைத் தூக்கிய அந்த இரவு இந்த ஓட்டில் சேராது. அது முந்தைய விருதுக்குப் போய்விட்டது, அதையும் அவர்தான் வாங்கினார். ஆனால் "உலகக்கோப்பை ஜெயிச்சாரே, அதனால மெஸ்ஸிக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே 2023-க்கு ஓட்டுப் போட்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

விதிமுறைப் பக்கத்தைத் திறந்து, தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நடந்த பெரிய போட்டிகளை அதன் கீழே எழுதுங்கள். பாதி வேலை முடிந்தது. பாலன் டி'ஓரும் 2022 முதல் காலண்டர் வருடத்தை விட்டுவிட்டு ஐரோப்பிய சீசன் கணக்குக்கு வந்துவிட்டது. இரண்டு விருதுகளையும் ஒப்பிட்டுப் பேசும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தி பெஸ்ட் விருதில் நீங்கள் நினைத்த பெயரை எழுத முடியாது. ஒரு நிபுணர் குழு தேர்ந்தெடுத்த பட்டியலிலிருந்துதான் தேர்வு செய்ய வேண்டும். உங்கள் ஆள் அதில் இல்லையென்றால் கோபித்துக்கொண்டு எழுந்து போகாதீர்கள். இருப்பவர்களைப் பாருங்கள்.

மூன்றாவது: ஒரு நோட்டுப் புத்தகம்

நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஆட்டம் பார்த்து முடித்த கையோடு தேதி, அணிகள், உங்கள் கண்ணில் பட்ட இரண்டு மூன்று விஷயங்கள். அவ்வளவுதான். ஆட்டக்காரருக்கு மார்க் போட வேண்டாம், கட்டுரை எழுத வேண்டாம்.

2023 ஜூன் 10, சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், இஸ்தான்புல். இந்திய நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தது. மான்செஸ்டர் சிட்டி ஒன்று, இன்டர் மிலான் பூஜ்யம். என் நோட்டில் அன்று இருப்பது மூன்று வரி: "ஹாலண்டை இன்டர்காரர்கள் கட்டிப்போட்டுவிட்டார்கள். ரோட்ரி 68-ஆவது நிமிடம். கடைசியில் லுகாகு தலையால் முட்டியது எடெர்சன் காலில் பட்டு வெளியே வந்தது, அது உள்ளே போயிருந்தால் கதையே வேறு."

சில மாதம் கழித்து ஓட்டுப் போட உட்காரும்போது இந்த மூன்று வரி எனக்கு உதவியது. சிட்டியின் ஹாலண்ட் அந்த சீசனில் பிரீமியர் லீகில் மட்டும் 36 கோல் போட்டுச் சாதனை செய்தவர். அது எல்லோருக்கும் நினைவிருக்கும். சிட்டி கோல்கீப்பர் எடெர்சனின் கால் யாருக்கு நினைவிருக்கும்? சிறந்த கோல்கீப்பருக்கான ஓட்டும் அதே பக்கத்தில்தான் இருந்தது. யோசிக்காமல் எடெர்சனைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வருடம் விருதும் அவருக்கே போனது.

நோட்டு வைக்காதவர்கள் யூடியூப் தொகுப்புகளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். தொகுப்பில் கோல் இருக்கும், பந்தைக் காலோடு வைத்து ஆட்களைத் தாண்டிப் போகும் டிரிப்ளிங் இருக்கும். தடுப்பாட்டக்காரர் சரியான இடத்தில் நின்றதால் எதிரணி பந்தையே அந்தப் பக்கம் அனுப்பவில்லை என்பது எந்தத் தொகுப்பிலும் வராது. அனுபவமுள்ள பத்திரிகையாளர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். பாலன் டி'ஓர் வரலாற்றில் அதை வாங்கிய ஒரே கோல்கீப்பர் 1963-இல் லெவ் யாஷின். ஆண்களில் கடைசியாக வாங்கிய தடுப்பாட்டக்காரர் 2006-இல் கன்னவாரோ. 2019-இல் தடுப்பாட்டக்காரர் வான் டைக் வெறும் ஏழு புள்ளியில் மெஸ்ஸியிடம் தோற்றார். பத்திரிகையாளர் நிலைமையே இது என்றால், ரசிகராகிய நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா?

பெண்கள் பிரிவைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். ஆட்டங்களைப் பார்க்கவில்லை என்றால் அந்த ஓட்டைக் காலியாக விடுவது நேர்மை. பார்த்துவிட்டுப் போடுவது அதைவிட நல்லது. 2023-இல் ஸ்பெயினின் ஐடானா போன்மாட்டி 52 புள்ளி எடுத்தார். அது எப்படிப்பட்ட எண் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

நான்காவது: கோலுக்கு ஓட்டுப் போடுவது தனிக் கலை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஹங்கேரியின் ஃபெரென்ஸ் புஷ்காஸ் பெயரில் 2009-இல் தொடங்கிய விருது. சாம்பியன்ஸ் லீகில் போட்ட கோலும், யாருக்கும் பெயர் தெரியாத ஊரில் போட்ட கோலும் இங்கே ஒரே வரிசையில் நிற்கும்.

2016 பிப்ரவரி 16, மலேசிய சூப்பர் லீக், பினாங்குக்கும் பகாங்குக்கும் ஆட்டம். பினாங்கு வீரர் முகமது ஃபைஸ் சுப்ரி கோலிலிருந்து வெகுதூரத்தில் ஃப்ரீ கிக் அடித்தார். அந்த வீடியோவை ஒருமுறை கோல்கீப்பரை மட்டும் பார்த்தபடி ஓட்டிப் பாருங்கள். பந்து கிளம்பிய திசையை நம்பி அவர் நகர ஆரம்பிக்கிறார். நடுவழியில் பந்து மனசு மாறியதுபோல எதிர்ப்பக்கம் வளைகிறது. அவர் திரும்பித் தாவும்போது பந்து மூலையில் நுழைந்துவிட்டது. நான் அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

ரசிகர் ஓட்டில் அந்தக் கோலுக்கு 59.46 சதவீதம் கிடைத்தது. 2017 ஜனவரி 9, சூரிக்கில் விழா. பிரேசிலின் ரொனால்டோ கையால் விருதை வாங்கிய ஃபைஸ், நன்றியுரையைத் தன் போனில் தேடித் தேடி மேடையிலேயே தடுமாறி நின்றார். பத்திரிகையாளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டிருந்தால் அந்த மனிதர் அந்த மேடையில் நின்றிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதற்கு முந்தைய வருடம் பிரேசிலின் சிறிய அணியான கொயனேசியாவுக்கு ஆடிய வெண்டெல் லிரா, மெஸ்ஸியின் கோலைத் தோற்கடித்தார். 2022-க்கான விருது போலந்தின் மார்சின் ஒலெக்ஸிக்கு. வேலையிடத்து விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஊன்றுகோலோடு ஆடும் கால்பந்தில், ஊன்றுகோலை ஊன்றி அந்தரத்தில் எழும்பி, பின்புறமாகப் பந்தை உதைத்துக் கோல் போட்டார். இன்னும் பார்க்கவில்லை என்றால் இதை இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, இதன் மறுபக்கமும் உண்டு. 2018-இல் பட்டியலில் இரண்டு பைசிக்கிள் கிக் (அந்தரத்தில் மல்லாந்து, பந்தைத் தலைக்கு மேலாகப் பின்னால் உதைப்பது) இருந்தன: சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் கேரத் பேல் போட்டது ஒன்று, யுவென்டஸுக்கு எதிராகக் கிறிஸ்டியானோ ரொனால்டோ போட்டது ஒன்று. ஜெயித்தது எவர்ட்டனுக்கு எதிராக முகமது சலா போட்ட கோல். நல்ல கோல்தான். ஆனால் அவருடைய லிவர்பூல் தோழர் ஜேம்ஸ் மில்னரே, அது சலாவின் அந்த சீசனில் ஏழாவது சிறந்த கோல் என்று கேலியாக எழுதினார். ரசிகர்கள் அன்று கோலுக்குப் போடவில்லை, ஆளுக்குப் போட்டார்கள். அதன் பிறகுதான் முன்னாள் வீரர்கள் குழுவும் ஓட்டுக்குள் வந்தது. நாம் கவனமில்லாமல் போட்டதற்குக் கொடுத்த விலை, முழு ஓட்டு பாதி ஆனது.

ஆகவே கோலைப் பார்க்கும்போது என் வழக்கம் இது. முதல் தடவை சத்தத்தோடு. இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு, ஏனென்றால் வர்ணனையாளர் கத்துவதில் சாதாரண கோலும் பெரிதாகத் தெரியும். மூன்றாம் தடவை பந்தை விட்டுவிட்டு எதிரணியைப் பார்ப்பேன்: அவர்கள் தூங்கினார்களா, இல்லை எல்லாம் சரியாகச் செய்தும் தோற்றார்களா? பந்து யார் காலிலாவது பட்டுத் திரும்பி அதிர்ஷ்டத்தில் போன கோலாக இருக்கக் கூடாது என்பது விருதின் விதிகளிலேயே இருக்கிறது. 2024 முதல் பெண்கள் கோலுக்கு 'மார்த்தா விருது' என்று தனியாக வைத்திருக்கிறார்கள். முதல் விருதை வாங்கியது மார்த்தாவே.

ஐந்தாவது: ஓட்டைப் போடும் வேலை

இது சுலபம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிஃபாவின் இணையதளத்தில் இலவசமாக ஒரு கணக்கு தொடங்க வேண்டும். முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கை அழுத்திப் போக வேண்டாம். என் சொந்தக்காரப் பையன் ஒருவன், "உங்கள் ஹீரோவுக்கு ஓட்டுப் போட்டு ஜெர்சி வெல்லுங்கள்" என்று வந்த லிங்க்கில் பெயர், போன் நம்பர், அப்புறம் ஓடிபி வரைக்கும் கொடுத்துவிட்டான். நல்லவேளை, அப்பாவிடம் உடனே சொன்னதால் பணம் போகவில்லை. எந்த நிஜமான ரசிகர் ஓட்டும் காசு கேட்காது, வங்கியிலிருந்து வரும் ஓடிபியைக் கேட்கவே கேட்காது. மெயிலுக்கு வைத்திருக்கும் பாஸ்வேர்டையே இங்கேயும் வைக்காதீர்கள்.

தி பெஸ்ட் ஓட்டில் மூன்று பேரை வரிசைப்படுத்த வேண்டும். முதல் இடத்துக்கு 5 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 3, மூன்றாம் இடத்துக்கு 1. வரிசை மாறினால் புள்ளி மாறும். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள்.

"போட்டியாளருக்குப் புள்ளி போகக் கூடாது" என்று மூன்றாவது இடத்தில் யாரோ ஒருவரைச் செருகிவிடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். உங்கள் நோட்டு சொல்லும் மூன்று பேரைப் போடுங்கள்.

கடைசித் தேதி விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. விதிமுறையில் பெரும்பாலும் ஐரோப்பிய நேரம்தான் இருக்கும். குளிர்காலத்தில் சூரிக் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே நள்ளிரவோடு ஓட்டு மூடினால், இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் அதிகாலை நாலரை வரை நேரம் உண்டு. சிங்கப்பூர், மலேசியாவில் காலை ஏழு மணி. இருந்தாலும் கடைசி இரவுக்குத் தள்ளிப்போடாமல் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஒரே ஆள் பத்துக் கணக்கு திறந்து பத்து ஓட்டுப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. எடுத்துவிடுவார்கள் என்பது ஒரு பக்கம். சலா கதைக்குப் பிறகு ஓட்டு பாதியானது போல, இப்படிப் போனால் மீதியும் போய்விடும் என்ற கவலை எனக்கு நிஜமாகவே உண்டு.

ஆறாவது: எப்படி எண்ணுகிறார்கள்

இப்போது முதலில் சொன்ன கணக்கு.

தி பெஸ்ட் விருதில் நான்கு பிரிவுகள்: தேசிய அணிகளின் கேப்டன்கள், பயிற்சியாளர்கள், நாட்டுக்கு ஒரு பத்திரிகையாளர், ரசிகர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் 25 சதவீதம். கேப்டன்கள் இருநூறு பேர்தான் இருப்பார்கள், ரசிகர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். ஆனாலும் பிரிவுக்குப் பிரிவு எடை சமம். எப்படி என்றால், ஒவ்வொரு பிரிவிலும் 5, 3, 1 புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்திவிட்டு, முதலில் வந்தவருக்கு 13, இரண்டாமவருக்கு 11, மூன்றாமவருக்கு 9 என்று இறங்கு வரிசையில் புதுப் புள்ளி கொடுக்கிறார்கள். நான்கு பிரிவிலும் முதலிடம் வந்தால் 13-ஐ நான்கால் பெருக்கி 52. போன்மாட்டி எடுத்த 52 அதுதான். கேப்டன், பயிற்சியாளர், பத்திரிகையாளர், ரசிகர் எல்லோரும் அவரையே முதலில் வைத்தார்கள்.

ஆண்கள் பிரிவில் அந்த வருடம் கேப்டன்களும் ரசிகர்களும் மெஸ்ஸியை முதலில் வைத்தார்கள், ஹாலண்டை இரண்டாவதாக. பயிற்சியாளர்களும் பத்திரிகையாளர்களும் ஹாலண்டை முதலில், மெஸ்ஸியை இரண்டாவதாக. கூட்டிப் பாருங்கள். மெஸ்ஸிக்கு 13, 11, 11, 13. ஹாலண்டுக்கு 11, 13, 13, 11. இருவருக்கும் 48. எம்பாப்பே 35 புள்ளியோடு மூன்றாவது.

சமம் ஆனால் என்ன செய்வது என்றும் விதி இருந்தது: கேப்டன்களின் சீட்டில் யாருக்கு முதலிடம் அதிகம் என்று பார்க்க வேண்டும். மெஸ்ஸிக்கு 107, ஹாலண்டுக்கு 64. விருது மெஸ்ஸிக்கு.

இதில் ரசிகர் ஓட்டை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரசிகர்கள் ஹாலண்டை முதலில் வைத்திருந்தால் அவருக்கு 50, மெஸ்ஸிக்கு 46. முடிந்தது கதை. "நம்ம ஓட்டையெல்லாம் எண்ணுவாங்களா" என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன்.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். வித்தியாசத்தின் அளவு இதில் கரைந்துவிடுகிறது. பத்திரிகையாளர் பிரிவில் ஹாலண்ட் வாங்கிய புள்ளி, மெஸ்ஸி வாங்கியதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் 13, 11 என்று மாற்றிய பிறகு மிஞ்சிய வித்தியாசம் வெறும் இரண்டு. என் நோட்டில் அந்த வருடம் முதல் பெயர் ஹாலண்ட். முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் விதியை முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் எண்ணினார்கள்.

முடிவு வந்த மறுநாள்

விழா முடிந்ததும் பெரும்பாலோர் வீடியோவைப் பார்த்துவிட்டுச் சண்டை போடக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் அதற்கு முன் ஃபிஃபா வெளியிடும் ஓட்டு விவரத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு நாட்டின் கேப்டன், பயிற்சியாளர், பத்திரிகையாளர் யார் யாருக்கு, எந்த வரிசையில் போட்டார்கள் என்று நாட்டுவாரியாக இருக்கும். உங்கள் நாட்டின் வரியை முதலில் தேடுங்கள். அப்புறம் அர்ஜென்டினாவைத் தேடுங்கள். 2023-க்கான விவரத்தில் அர்ஜென்டினா கேப்டன் மெஸ்ஸியின் சீட்டில் முதல் பெயர் ஹாலண்ட். இரண்டாவது எம்பாப்பே, மூன்றாவது ஜூலியன் அல்வாரெஸ்.

உங்கள் ஊர்ப் போட்டியில் நடத்த வேண்டுமென்றால்

இதைப் படித்துவிட்டு, பள்ளியிலோ ஊர் மைதானத்திலோ நடக்கும் போட்டிக்கு 'மக்கள் விரும்பும் வீரர்' பரிசு வைக்கலாமே என்று தோன்றினால், தாராளமாக வையுங்கள். எட்டு அணிப் போட்டி என்று வைத்துக்கொள்வோம். மூன்று பிரிவு போதும்: எட்டு கேப்டன்கள், எட்டு பயிற்சியாளர்கள், பார்க்க வந்தவர்கள். ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டில் மூன்று பெயர், 5, 3, 1. பிரிவுக்குள் கூட்டி, 13, 11, 9 என்று மாற்றி, மூன்று பிரிவையும் சேருங்கள். இப்படிச் செய்தால், ஒரு தெருவே திரண்டு வந்து ஓட்டுப் போட்டாலும் மற்ற இரண்டு பிரிவும் சமமாக நிற்கும். கேப்டன்களும் பயிற்சியாளர்களும் தன் அணிக்காரருக்குப் போடக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள், சின்னப் போட்டிக்கு அது அவசியம். சமம் வந்தால் என்ன செய்வது என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதிப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். கடைசி நாள் யோசிக்கலாம் என்று விட்டால் கட்டாயம் தகராறு வரும். பரிசு கொடுத்த பிறகு, எட்டு கேப்டன்களும் யாருக்குப் போட்டார்கள் என்பதையும் அதே பலகையில் பெயரோடு ஒட்டுங்கள்.